சேறு விடும் மூச்சு

மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவே பழையாறு கடலில் சேர்கிறது. பொழிமுகத்துக்கு உள்ளே, தண்ணீர் தேங்கிக் கிடக்கும் ஓரங்களில், கதம்பை ஊறப்போடுவார்கள். தேங்காய் மட்டைக்கு நாஞ்சில் நாட்டில் கதம்பை என்று பேர். மாதக்கணக்கில் தண்ணீரில் அமிழ்ந்து அழுகினால்தான் நார் பிரிந்து வரும். பிறகு அடித்து, உதறி, கயிறு திரிக்கலாம். அந்த இடத்தின் நாற்றம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அழுகிய முட்டையை மூக்கருகே பிடித்தது போலிருக்கும். கதம்பை அடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், “இந்த நாத்தத்துல எப்பிடி இருக்கிய?” என்று ஒருமுறை கேட்டேன். “நாத்தமா? எங்க மக்ளே நாத்தம்?” என்று சிரித்தார். அவர் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசு கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது.

கொலுசைக் கறுக்க வைத்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. மூக்கு அதற்குச் சீக்கிரம் மரத்துப்போகும், வெள்ளி மரத்துப்போவதில்லை. ஊறல் போட்ட இடத்துச் சேற்றை ஒரு கை அள்ளிப் பார்த்தால் மை போலிருக்கும். கந்தகமும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அது. இரண்டுமே ஒரே கூட்டத்தின் கைவரிசை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கூட்டம் ஒன்று அந்தச் சேற்றுக்குள் கதம்பையைத் தின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மூச்சுதான் நாறுகிறது.

தின்பது எல்லோருக்கும் புரியும். மூச்சு எதற்கு? சோறு செரிக்கும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் உருவப்படுகின்றன. உருவிய எலக்ட்ரான்களைக் கடைசியில் யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் செரிமானம் அப்படியே நின்றுபோகும். நாம் அவற்றை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். மூச்சை இழுப்பது அதற்காகத்தான். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழ்பவை நைட்ரேட்டைத் தேடும். அது தீர்ந்தால் மாங்கனீசு, அதற்குப் பின் இரும்புத் துரு, அதுவும் இல்லையென்றால் சல்பேட்டு என்று படிப்படியாக இறங்கும். கடைசிப் படி கரியமிலவாயு. அதில் மூச்சு விடுபவை மீத்தேனை வெளியேற்றும். கீழே இறங்க இறங்கப் பிழைப்பில் ஆதாயம் குறைவு. மணக்குடியில் கடல்நீர் ஏறி வருவதால் சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை. அதனால் அங்கே முட்டை நாற்றம்.

இரும்புப் படியைப் பார்க்க வேண்டுமானால் வயலுக்குப் போக வேண்டும். தேரூர்ப் பக்கம் நடவு முடிந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் வயலில், யாரோ மண்ணெண்ணெய் கொட்டியது போல வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். குச்சியால் தட்டிப் பாருங்கள். எண்ணெய் என்றால் விலகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இது கண்ணாடி போலத் துண்டு துண்டாக உடையும். சேற்றுக்குள் பாக்டீரியாக்கள் துருவின் மேல் மூச்சு விட்டதில் கரைந்த இரும்பு, மேலே வந்து காற்றைத் தொட்டு மறுபடி துருவாகியிருக்கிறது. அதே வயலில் ஒரு நெல் தூரைப் பிடுங்கினால் வேரெல்லாம் செங்காவி பூசியிருக்கும். வேர் வழியே கசியும் ஆக்சிஜன் செய்த வேலை. துருவாவதும் துரு கரைவதுமாக நம் கால் புதையும் சேற்றில் எலக்ட்ரான்கள் ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கைமாற்றத்தின் நடுவே ஒரு கம்பியைச் செருகினால் மின்சாரம்.

1987-இல் டெரக் லவ்லியும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் போட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து துருவை மூச்சாக்கும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஜியோபேக்டர் என்பது இப்போது அதன் குடும்பப் பெயர். துரு தண்ணீரில் கரையாது. ஆக்சிஜனைப் போல உடம்புக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே இந்தப் பாக்டீரியா எலக்ட்ரானை உடம்புக்கு வெளியே அனுப்புகிறது. அதற்கென்று மெல்லிய இழைகளை நீட்டிக்கொள்கிறது. அந்த இழைகளில் ஒரு வகை எதனால் ஆனது என்பதை 2019-இல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஹீம் என்ற இரும்புக் கூட்டுப்பொருளைச் சுமந்த புரதங்கள் பூச்சரம் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தன. நம் ரத்தம் சிவந்திருப்பது ஹீமால்தான். நமக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் அதே சரக்கு, அங்கே மின்கம்பியாக வேலை பார்க்கிறது.

துரு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரித்தண்டை நட்டுவைத்தால் ஜியோபேக்டர் அதன் மேலும் படர்ந்து எலக்ட்ரானைத் தள்ளும். தண்டிலிருந்து ஒரு கம்பியை மேலே இழுத்து, சேற்றின் மேல் நிற்கும் தண்ணீரில் இன்னொரு கரித்தண்டை வைத்து இணைத்தால், கீழே உருவப்பட்ட எலக்ட்ரான் கம்பி வழியே மேலேறி, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைச் சேரும். நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம் என்பது இவ்வளவுதான். பாடநூல்கள் கீழ்த்தண்டை ஆனோடு என்றும் மேல்தண்டைக் கேத்தோடு என்றும் சொல்லும். நாம் கீழ்த்தண்டு, மேல்தண்டு என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப்படி இரண்டுக்கும் இடையே 1.1 வோல்ட் வரை கிடைக்கலாம். கையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதி.

உயிர் அழுகும்போது மின்சாரம் பிறக்கிறது என்பதை முதலில் அளந்து காட்டியவர் எம்.சி. பாட்டர். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். 1911-இல் ஈஸ்ட்டையும் ஈ.கோலை பாக்டீரியாவையும் வைத்து, பிளாட்டினத் தகடுகளில் ஒரு வோல்ட்டின் சிறு பங்கை எடுத்துக் காட்டினார். 1931-இல் அமெரிக்காவில் பார்னெட் கோஹன் இப்படிப்பட்ட கலன்களை வரிசையாக இணைத்து 35 வோல்ட் எடுத்தார். ஆனால் ஓட்டம் வெறும் 2 மில்லிஆம்பியர். அதன்பின் நெடுநாள் இது ஆய்வகத்து வேடிக்கையாகவே கிடந்தது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கீழ்த்தண்டோடு மயங்கி நின்றுவிடுகிறார்கள். சேற்றுக்குள் கம்பி நீட்டும் பாக்டீரியா என்றால் யாருக்குத்தான் மயக்கம் வராது? உண்மையான முடக்கம் பல நேரங்களில் மேல்தண்டில் இருக்கிறது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மடை அடைத்திருந்தால் வயலுக்குப் பாயாது. மேலே ஆக்சிஜன் வந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளாவிட்டால் கீழே பாக்டீரியா பசியோடு காத்திருக்க வேண்டியதுதான். ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்பது ஏழரை மில்லிகிராம்தான். அதுவும் சாக்கடைத் தண்ணீர் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

பம்பு வைத்துக் காற்றை ஊதலாம். மீன் தொட்டியில் குமிழி விடுவதைப் போல. ஆனால் பம்பு குடிக்கும் மின்சாரம் கலன் தரும் மின்சாரத்தைவிடப் பல மடங்கு. மேல்தண்டுக்குப் பிளாட்டினம் பூசலாம். அதைவிடக் கலத்தையே மூடி வைப்பது லாபம். இங்கேதான் பாசி வருகிறது.

பாசி என்றதும் படித்துறையில் வழுக்கும் பச்சை நினைவுக்கு வரும். இந்த வேலைக்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுப்பது குளோரெல்லா என்ற ஒற்றை உயிரணுப் பாசி. ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கு மேல் வரிசையாக நிற்கும் அளவு பொடிசு. குளத்தைப் பார்த்து “தண்ணி பச்சையாயிட்டு” என்று நம் ஆட்கள் சொல்வது இத்தகைய மிதக்கும் பாசிகள் பெருகும்போதுதான். நல்ல வெயிலில் இவை விடும் ஆக்சிஜன், காற்றிலிருந்து கரையக்கூடிய அளவையும் தாண்டி இரட்டிப்பாகக்கூட ஏறும். பம்பு வேண்டாம், மின்கட்டணம் வேண்டாம்.

கொடுக்கல் வாங்கலும் ஒரு பக்கமாக முடிவதில்லை. கீழே பாக்டீரியா கழிவைத் தின்று கரியமிலவாயுவை வெளியேற்றும். மேலே பாசிக்குத் தேவை அதுதான். கழிவுநீரில் எஞ்சும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 2009-இல் குளோரெல்லாவை மேல்தண்டுப் பக்கம் வளர்த்து ஆய்வு செய்தார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் ஹார்பின் ஆய்வாளர்கள் கீழ்த்தண்டு இருக்கும் கீழறையின் கரியமிலவாயுவைக் குழாய் வழியே மேல்தண்டு இருக்கும் மேலறைப் பாசிக்கே கொடுத்து, இதற்குக் கரி பிடிக்கும் மின்கலம் என்று பொருள்படும் பெயரே வைத்தார்கள். 2015-இல் பிரிஸ்டல் குழுவினர் மேலே விளைந்த பாசியை அள்ளிக் கீழே பாக்டீரியாவுக்குச் சோறாகப் போட்டார்கள். வயலில் விளைந்த வைக்கோலை மாட்டுக்குப் போட்டு, சாணத்தை வயலுக்குப் போடுகிற அதே கணக்கு.

பிறகு இருட்டும். வெயில் போனதும் பாசி ஆக்சிஜன் விடுவதை நிறுத்திவிடுகிறது; நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுப்பது மட்டும் தொடர்கிறது. குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் கடும்பச்சையாக இருக்கும் காலத்தில், விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். முந்தின நாள் மேகமூட்டமாக இருந்தால் காலையில் வெள்ளி வெள்ளியாகச் செத்து மிதக்கும். விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டை வருவதும் உண்டு. பல நேரம் குற்றவாளி இரவில் மூச்சு வாங்கிய பாசிதான். மின்கலத்திலும் இதே கதை. வோல்ட்மீட்டரை விடாமல் கவனித்தால் பகலில் ஏறி இரவில் இறங்கும் அலை தெரியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது சாதாரணச் சிக்கல் இல்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குப் பெய்கின்றன. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாது. பாசிக்குக் கொடுக்கிற கூலி வெயில்தான். கூலி நின்றால் வேலையும் நிற்கும். வேறு தொல்லைகளும் உண்டு. பாசி தடித்து மேல்தண்டின் மேல் மெத்தை போலப் படிந்தால் அடியில் இருப்பதற்கு வெளிச்சம் போகாது. மேலே மிகுந்த ஆக்சிஜன் கீழே கசிந்தால் பாக்டீரியாக்கள் கரித்தண்டை மறந்துவிட்டு ஆக்சிஜனிடம் ஓடிவிடும். எளிதான படி கிடைத்தால் யார் கஷ்டமான படியில் நிற்பார்கள்?

பாசியையே நேரடியாக மின்கலமாக்கிய ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், ஏ.ஏ. பேட்டரி ஒன்றின் அளவுள்ள சிறு கலனில் சினெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை அடைத்து, ஒரு நுண்செயலியை ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டினார்கள். முடிவை 2022-இல் வெளியிட்டார்கள். இரவிலும் அது நிற்கவில்லை. பகலில் சேர்த்துவைத்த உணவைப் பாசி இரவில் செரித்ததே காரணம் என்கிறார்கள். அதில் இருந்த அலுமினியம் மெல்ல அரிப்பதற்கும் ஒரு பங்கு உண்டா என்ற கேள்வியை அவர்களே எழுப்பியிருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. இருந்தாலும் ஜன்னலோரத்தில் வைத்த பாசியால் ஒரு கணிப்பொறிச் சில்லு மாதக்கணக்கில் ஓடியது என்பது சின்ன விஷயம் இல்லை.

இனி நான் சொல்லப்போவது, என்னைப் பொறுத்தவரை இந்த அத்தியாயத்தின் நடுநாயகம்.

கீழறையையும் மேலறையையும் பிரிக்க நடுவே ஒரு தடுப்பு தேவை. எலக்ட்ரான் கம்பி வழியே போகிறதல்லவா, அதற்கு ஈடாக ஹைட்ரஜன் அயனிகள் தண்ணீர் வழியே மேலே போயாக வேண்டும். அவற்றை விட வேண்டும். ஆக்சிஜனைக் கீழே விடக்கூடாது. ஆய்வகங்களில் இதற்கு நாஃபியான் என்ற பிளாஸ்டிக் சவ்வைப் போடுவார்கள். விலை கேட்டால் தலை சுற்றும். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.எம். காங்ரேகர் என்ற பேராசிரியரின் குழு மண்பானையை எடுத்தது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அந்தக் கசிவு அயனிக்கும் வழிவிடும். 2010-இல் வெளியான அவர்களது ஆய்வில் கீழறைக்குச் சோறாகப் போனது அரிசி ஆலைக் கழிவுநீர். நெல்லை ஊறவைத்துப் புழுக்கிய மஞ்சள் தண்ணீர். புழுங்கலரிசி ஆலைப் பக்கம் போனவர்களுக்கு அதன் புளித்த வாடை தெரியும். மண்பானைக் கலன், விலையுயர்ந்த சவ்வு போட்ட கலனைக் காட்டிலும் நாலு மடங்கு மின்திறன் தந்தது. கழிவிலிருந்த மாசில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீங்கியது.

அதே குழு 2018-இல் தேங்காய்ச் சிரட்டையைத் தடுப்பாக வைத்து, மேலறையில் பாசி வளர்த்துப் பார்த்தது. மின்சாரமும் கிடைத்தது, பாசி விளைச்சலும் கிடைத்தது. அடுத்து, களிமண்ணோடு சிரட்டைக்கரியைக் கலந்து தடுப்பு செய்தார்கள். சிரட்டை, களிமண், புழுங்கல் தண்ணீர், குளத்துப் பாசி. இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வந்தது சிரிப்பு. கரக்பூரில் செய்தார்களே ஒழிய, பொருள் முழுக்க நம் வீட்டுப் பின்கட்டில் கிடப்பது. நாஞ்சில் நாட்டில் சிரட்டை அகப்பையானது, புட்டுக்கு அச்சானது, தேய்ப்புப் பெட்டிக்குக் கரியானது. மின்கலத்தின் நடுச்சுவராகும் என்று யாருக்குத் தோன்றியது?

பாசி வளர்ப்பதும் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் சுருள்பாசியை ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஆலையின் அமிலக் கழிவைப் பாசி கொண்டே சரிசெய்திருக்கிறார்கள். மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் 1953 முதல் ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நுண்ணுயிர் மின்கலம் அங்கேயும் ஆராயப்பட்டிருக்கிறது. ஆள் உண்டு, அறிவு உண்டு.

சரி, வீட்டுக்கு விளக்கு எரியுமா? கணக்குப் போட்டுவிடலாம். நெல்வயலில் கரித்தண்டு புதைத்து ஜப்பானில் 2008-இல் எடுத்த மின்திறன் சதுர மீட்டருக்கு 6 மில்லிவாட் அளவு. நாம் தாராளமாக 20 என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை எரிக்க 450 சதுர மீட்டர் வேண்டும். நம் கணக்கில் 11 சென்ட். ஒரு பல்புக்கு 11 சென்ட் வயல்! அந்த விலைக்குச் சரவிளக்கே வாங்கிவிடலாம். 2011 கணக்கெடுப்பில் 1,672 சதுர கிலோமீட்டரில் 18.7 லட்சம் பேர் வாழ்ந்த மாவட்டம் இது. இடம் சும்மா கிடக்கவில்லை. கோதையாற்று நீர்மின் நிலையங்கள் ஒரு பக்கம், முப்பந்தல் காற்றாலைகள் மறுபக்கம் இருக்கும் ஊரில் சேற்று மின்சாரத்தை நம்பி யாரும் கம்பம் நட வேண்டாம். அப்படி நடச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

எனக்கு இதில் பிடித்தது மின்சாரம் இல்லை, தண்ணீர். ஒரு கிலோலிட்டர் வீட்டுக் கழிவுநீரில் கரைந்திருக்கும் அழுக்கை எரித்தால் கிடைக்கக்கூடிய சக்தி கிட்டத்தட்ட 2 யூனிட். அதே கழிவுநீரை இன்றைய முறையில் சுத்தப்படுத்த அரை யூனிட் அளவுக்குச் செலவழிக்கிறோம். சுத்திகரிப்பு நிலையங்களின் மின்செலவில் ஏறக்குறையப் பாதி காற்று ஊதுவதற்கே போகிறது. ஊதும் வேலையைப் பாசியிடமும் தின்னும் வேலையைச் சேற்றுப் பாக்டீரியாவிடமும் விட்டால், ஒரு யூனிட்கூட உற்பத்தியாகாவிட்டாலும் அந்தச் செலவில் பெரும்பங்கு மிச்சம். கிடைக்கிற சில மில்லிவாட்டைத் தண்ணீரின் ஆக்சிஜனை அளந்து சொல்லும் ஒரு சிறு கருவிக்குக் கொடுக்கலாம். போட்டோமாக் ஆற்றில் 2008-இல் வானிலை மிதவை ஒன்றைச் சேற்று மின்சாரத்தால் ஓட்டிக்காட்டினார்கள். பதினெட்டு மில்லிவாட் அளவே அதற்குப் போதுமாக இருந்தது. சுசீந்திரம் – தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறின. 94 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. அங்கே விடியற்காலை நாலு மணிக்கு ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்ல ஒரு மிதவை இருந்தால், மீன் செத்து மிதந்த பிறகு காரணம் தேட வேண்டியிருக்காது.

கழிவுநீருக்கும் பெரிய நிலையமே வேண்டும் என்றில்லை. ஓர் அரிசி ஆலை, கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை, ஒரு பள்ளி விடுதி என்று சின்ன அளவில் தொடங்கலாம். சின்ன அளவில்தான் தொடங்கவும் வேண்டும்; ஆய்வகத்தில் ஒரு லிட்டரில் நன்றாக ஓடிய கலன் ஆயிரம் லிட்டரில் சுணங்குவது இந்தத் துறையில் வழக்கம். தண்டைப் பெரிதாக்கினால் அதே விகிதத்தில் மின்சாரம் பெருகுவதில்லை. அதனால் ஒரு பெரிய தொட்டிக்குப் பதில் பல சின்னப் பானைகளை வரிசையாக இணைக்கிறார்கள். பானை செய்கிறவர்களுக்கு அதில் வேலை இருக்கிறது.

நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்றில் நாலு விரற்கடை உயரத்துக்குக் குளத்துக் கறுப்புச் சேறு. அதற்குள் ஒரு கிராஃபைட் குச்சி. ஓவியம் வரைகிறவர்களுக்கான கடையில் கிடைக்கும். பழைய டார்ச் செல்லை உடைத்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆல்கலைன் செல்லுக்குள் காரம் இருக்கிறது, உடைக்க வேண்டாம். சேற்றின் மேல் குளத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றி, இன்னொரு குச்சியை அதில் தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே 10 கிலோஓம் மின்தடை ஒன்றை இணைத்து, ஜாடியை வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். தண்ணீர் பச்சையாகும் வரை காத்திருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மல்டிமீட்டர் ஏதாவது சொல்லத் தொடங்கும். விடிகாலை ஆறு மணிக்கு ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை என ஒரு மாதம் எண்ணைக் குறியுங்கள். மழை பெய்த நாளை மட்டும் தனியாகக் கோடிட்டு வையுங்கள். சேறு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நோட்டைத் தொடுங்கள்.